மணம் சொல்லும் உறவு: புதினாக் குடும்பச் செடிகளை அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பூரவள்ளி இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். அப்புறம் ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரே நெடி. கற்பூரவள்ளிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் வந்ததே இதனால்தான். ஆனால் செடி என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கற்பூரவள்ளி புதினா, துளசி வகையறா. ஓமமோ கொத்தமல்லி, சீரகம், சோம்பு இவற்றின் குடும்பம். இரண்டிலும் தைமால், கார்வக்ரால் என்ற ஒரே சோடி வேதிப்பொருள்கள் இருப்பதால் மூக்குக்கு இரண்டும் உறவாகப் படுகின்றன.

புதினாக் குடும்பத்தைத் தாவரவியலில் லேமியேசி என்பார்கள். லேபியேட்டே என்ற பழைய பெயரும் இன்றுவரை செல்லும். சுமார் 230 பேரினங்கள், 7,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். இவ்வளவு பெரிய குடும்பத்தைப் பெரும்பாலும் மணத்தை வைத்தே நாம் பழகியிருக்கிறோம். அதனால் வரும் தவறுகளும் பெரும்பாலும் மணத்தில்தான் தொடங்குகின்றன.

ஒரே மணம் என்றால் ஒரே குடும்பமா?

இல்லை. ஒரு செடி எந்த மூலக்கூற்றைச் செய்கிறது என்பது வேறு, அது எந்த வம்சத்தில் பிறந்தது என்பது வேறு. எலுமிச்சை வாசம் வீசும் மெலிசா புதினாக் குடும்பம். அந்த வாசத்துக்குக் காரணமான அதே சிட்ரால் என்ற பொருளைத் தரும் எலுமிச்சைப் புல் ஒரு புல். ரோஸ்மேரியில் இருக்கும் சினியோல் என்ற மணப்பொருள் யூகலிப்டஸிலும் இருக்கிறது. யூகலிப்டஸ் கொய்யாவின் குடும்பம். ஆரிகானோ என்ற பெயரில் விற்பனைக்கு வரும் இலைகளில் ஒரு பகுதி மெக்சிகோவின் லிப்பியா என்ற செடியிலிருந்து வருகிறது. அது நம் உன்னிச்செடியின் குடும்பம். கார்வக்ரால் மணம் ஒன்றாக இருப்பதால் பெயரும் ஒன்றாகிவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. கார்வோன் என்று ஒரு மூலக்கூறு உண்டு. இடது கையும் வலது கையும் போல அதற்கு இரண்டு வடிவங்கள். அணுக்கள் அதே, கட்டமைப்பும் அதே; கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். ஒன்று ஸ்பியர்மின்ட் புதினாவின் மணம். மற்றது சதகுப்பை விதையின் மணம். ஒரே பொருள், கை மாறியதும் மூக்கு அதை வேறு பொருளாக எடுத்துக்கொள்கிறது.

சரி, ஒரே இனத்துக்குள்ளாவது மணம் ஒன்றாக இருக்குமா என்றால், அதுவும் கிடையாது. தென் பிரான்சில் மான்பெல்லியே நகருக்கு வடக்கே சேன் மார்த்தேன் தெ லோந்தர் என்ற ஊரைச் சுற்றி மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே காட்டில் வளரும் தைம் செடிகள் எல்லாமே தைமஸ் வல்காரிஸ் என்ற ஒரே இனம். ஆனால் அவற்றில் ஆறு வேதிவகைகள் உண்டு; அதாவது இனம் ஒன்றே, செய்யும் மணப்பொருள் வேறு. ஒரு செடி தைமால் மணக்கும், இன்னொன்று கார்வக்ரால், வேறொன்று லினலூல், மற்றொன்று ஜெரானியால். எது எதைச் செய்யும் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. குளிர்காலத்தில் பள்ளத்தின் அடியில் கடுங்குளிர்க் காற்று இறங்கித் தேங்கும். அந்தக் குளிரில் தைமாலும் கார்வக்ராலும் செய்யும் காரமான செடிகள் மற்றவற்றைவிட எளிதாகச் செத்துப்போகும். அதனால் பள்ளத்தில் மென்மணச் செடிகள், சுற்றிலும் மேட்டில் காரமணச் செடிகள் என்று எல்லை பிரிந்திருந்தது. 1970-களில் அதைக் குறித்துவைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே இடங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, முன்பு இல்லாத இடங்களில் காரமணச் செடிகள் புகுந்திருந்தன. உறைபனி குறைந்துவிட்டதுதான் காரணம். ஒரு இலையின் வாசனையில் ஊரின் குளிர்காலமே எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதன்முதலாகப் படித்த நாளில் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆகவே ‘இந்தத் துளசி மணக்கவில்லை, அதனால் இது வேறு இனம்’ என்றோ, ‘கிராம்பு வாசம் வருகிறது, அதனால் இதுதான் அசல்’ என்றோ மணத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். துளசியிலும் திருநீற்றுப்பச்சிலையிலும் இப்படி வேதிவகைகள் பல உண்டு.

தண்டு சதுரமாக இருந்தால் போதுமா?

‘தண்டை விரலால் உருட்டிப் பார், நான்கு பட்டை தெரிந்தால் புதினாக் குடும்பம்’ என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பிரண்டைத் தண்டும் நான்கு பட்டைதான். அது திராட்சையின் குடும்பம். மஞ்சிட்டித் தண்டும் சதுரம்தான். அது காப்பிச் செடியின் குடும்பம். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது உன்னிச்செடி. சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் நெடி என மூன்றும் பொருந்தும். ஆனாலும் அது வெர்பினேசி என்ற வேறு குடும்பம். ஆடுமாடுகள் அதன் இலையைத் தின்றால் கல்லீரல் கெட்டுப்போகும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தண்டோடு சேர்த்து இலைகளைப் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்க வேண்டும். அடுத்த கணுவின் சோடி அதற்குக் குறுக்காகத் திரும்பியிருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும். பிரண்டையில் கணுவுக்கு ஒரே இலை; இந்த இடத்திலேயே அது விலகிவிடுகிறது. உன்னிச்செடியைப் பிரித்தறியப் பூவுக்குள் போக வேண்டும்.

இதற்குத் தும்பையைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வெள்ளைக்கே உவமையான அந்தப் பூவைக் கிள்ளி எடுங்கள். மேலே சிறிய உதடு, முக்காடு போல வளைந்து பஞ்சு போன்ற மயிரோடு இருக்கும். கீழே பெரிய உதடு, வண்டு வந்து உட்காரத் திண்ணை போட்டது போல விரிந்திருக்கும். லேபியேட்டே என்ற பெயர் இந்த உதடுகளால் வந்தது. இப்போது வெள்ளைப் பகுதியை மெல்ல இழுத்தால் அது கழன்று வந்துவிடும், பச்சைப் புல்லிவட்டம் மட்டும் செடியில் நிற்கும். அந்தப் புல்லிவட்டக் குழலுக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு சின்னஞ்சிறு உருண்டைகள் சதுரமாக உட்கார்ந்திருக்கும். சூலகத்தண்டு, அதாவது மகரந்தத்தை ஏற்கும் முனையைத் தாங்கும் மெல்லிய காம்பு, அவற்றின் தலையிலிருந்து எழாது. நான்குக்கும் நடுவே, அடியிலிருந்து எழும். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே புல்லிவட்டத்தைக் கவிழ்த்துத் தட்டினால் நான்கு பழுப்பு மணிகள் உதிரும். உன்னியில் இது கிடையாது. சூலகத்தண்டு உச்சியில் நிற்கும், பிறகு சதைப்பற்றுள்ள சிறு கனி உருளும்.

அந்த நான்கு மணிகளையும் விதை என்றே நாம் சொல்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் கனியின் ஒரு துண்டு. விதை அதற்குள் இருக்கிறது. இந்தத் தவறில் நமக்குப் பெரிய துணை உண்டு. செடிகளை வகைப்படுத்தியதில் பேர்போன கார்ல் லின்னேயஸே அவற்றை மூடாத விதைகள் என்று எண்ணி அந்தப் பெயரில்தான் வகைப்படுத்தினார். மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையை வைத்து அவர் செடிகளைப் பிரித்ததால், நான்கு தாள் உள்ள புதினா ஒரு வகுப்பிலும், இரண்டே தாள் உள்ள சால்வியாவும் ரோஸ்மேரியும் வேறொரு வகுப்பிலும் போய் விழுந்தன. ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அவ்வளவு பெரிய மேதைக்கும் வழி தவறும்.

எல்லாம் சின்னச் செடி, எல்லாம் மணக்கும் என்ற எண்ணம்

தேக்கு புதினாக் குடும்பம். நொச்சியும் குமிழும் அப்படியே. நீண்ட காலம் இவை உன்னிச்செடியோடு வெர்பினேசியில் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு இங்கே மாற்றப்பட்டன. பழைய பாடநூலை வைத்துப் படித்தவர்கள் இன்னும் பழைய இடத்திலேயே சொல்வார்கள். தேக்கில் நான்கு தனித்தனி மணிகள் உதிராது, ஒரே கெட்டியான கொட்டைதான். அதைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: உள்ளே நான்கு அறைகள்.

மணமும் எல்லா உறுப்பினருக்கும் கிடைத்த சொத்து இல்லை. குடும்பத்தின் சிற்றினங்களில் ஏறக்குறைய பாதி நெபெட்டாய்டியே என்ற துணைக்குடும்பத்தில் இருக்கின்றன. புதினா, துளசி, தைம், லாவண்டர், ரோஸ்மேரி, கற்பூரவள்ளி என்று நமக்குத் தெரிந்த மணச்செடிகள் பெரும்பாலும் இங்கேதான். தும்பை இருக்கும் லேமியாய்டியே பிரிவில் வாசனை எண்ணெய் பொதுவாகக் குறைவு. சரி, பிடித்துவிட்டோம் விதியை என்று நினைத்தால், வாசனைத் திரவியங்களில் பேர்போன பச்சோலியும், கசக்கினால் தலைசுற்ற வைக்கும் பேய்மிரட்டியும் அந்த மணம் குறைந்த பிரிவிலிருந்தே எழுந்து வருகின்றன.

மணம் இலையின் சாற்றில் இருக்கிறது என்று நினைப்பதும் தவறு. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் புதினா இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொன்னிறத் துளிகள் போலப் புள்ளிபுள்ளியாக மின்னும். அவை சுரப்பி மயிர்கள். சுரக்கும் செல்கள் எட்டு, வட்டமாக அடுக்கியிருக்கும். எண்ணெய் அவற்றின் மேல், மெல்லிய தோலுக்கு அடியில் தேங்கி நிற்கும். விரல் பட்டால் உடைந்துவிடும். அதனால் மாதிரி எடுக்கும்போதும் உலர்த்தும்போதும் இலையை அழுத்தாமல், கசக்காமல், நிழலில் வைப்பதுதான் சரி.

விதையிலிருந்து பெப்பர்மின்ட்?

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். உறையில் பெப்பர்மின்ட் என்று அச்சிட்டிருந்த விதையை வாங்கி விதைத்தேன். நன்றாகவே முளைத்தது. வளர்ந்த செடிகளில் சில ஸ்பியர்மின்ட் போல மணத்தன, சிலவற்றில் மணமே இல்லை. ஒன்றுகூடப் பெப்பர்மின்ட் இல்லை. வரவும் வராது. பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம், மலட்டுச் செடி. முளைக்கும் விதை அதில் அநேகமாக இராது. தரையடியில் ஓடும் ஓடுதண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். லின்னேயஸ் 1753-இல் அதைத் தனி இனமாகவே விவரித்தார். கலப்பு என்பது பிற்பாடு தெரிந்தது. அதன் பெற்றோரான ஸ்பியர்மின்ட்டே பழைய கலப்பு ஒன்றின் வாரிசு.

லாவண்டரிலும் இதே கதை. லாவண்டின் என்பது இரண்டு லாவண்டர் இனங்களின் மலட்டுக் கலப்பு. எண்ணெய் நிறையத் தரும், ஆனால் அதில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். ‘லாவண்டர்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பினால் எது கையில் இருக்கிறது என்று தெரியாது.

பெயர்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2017-இல் வந்த வகைப்பாட்டு ஆய்வுக்குப் பிறகு ரோஸ்மேரி சால்வியா பேரினத்துக்குள் போய்விட்டது. இப்போது அது சால்வியா ரோஸ்மரைனஸ். பிளெக்ட்ராந்தஸ் என்று படித்த கற்பூரவள்ளி மறுபடியும் கோலியஸ் ஆகிவிட்டது. பழைய பெயரில் ஒரு கட்டுரையும் புதிய பெயரில் இன்னொன்றும் இருந்தால், இரண்டு செடிகள் என்று எண்ணிவிட வேண்டாம். சப்ஜா விதையும் சியா விதையும் தண்ணீரில் ஒரே மாதிரி வழவழப்பாக ஊதும், இரண்டும் இதே குடும்பம்தான். ஆனால் முதலாவது திருநீற்றுப்பச்சிலை, இரண்டாவது ஒரு சால்வியா.

புதினாவின் சொந்தம் என்றால் வயிற்றுக்கு நல்லது என்று நம்புவது

எனக்கு உண்மையாகவே கவலை தரும் தவறு இதுதான். பென்னிராயல் அசல் புதினா, மெந்தா பேரினமே. வாசனையும் இனிமை. அதன் எண்ணெயில் புலிகோன் என்ற நச்சுப்பொருள் மிகுதி. அந்த எண்ணெயைக் குடித்துக் கல்லீரல் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. புதினாதானே என்ற நம்பிக்கையில் அதைத் தொடக் கூடாது. பெரில்லா என்ற செடியை மேய்ந்த மாடுகள் நுரையீரல் வீங்கிச் சாவதும் தெரிந்த விஷயம்.

ஜெர்மாண்டர் என்று ஒரு செடி, இதே குடும்பம். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகக் கஷாயமாகக் குடித்துவந்த மூலிகை. உடல் இளைக்கும் என்று பிரான்சில் அதைக் குளிகைகளாக விற்கத் தொடங்கிய பிறகு கல்லீரல் அழற்சியோடு நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். 1992-இல் அங்கே அதற்குத் தடை விதித்தார்கள். மோந்து பார்த்து எச்சரிக்கையாக இருக்க அதில் பெரிதாக மணமும் கிடையாது. உள்ளே இருக்கும் டெர்பீன் வகைப் பொருள் இலையில் இருக்கும்வரை சும்மா இருக்கிறது. நம் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்ற முயலும்போதுதான் அது நஞ்சாக மாறி அந்தக் கல்லீரலையே தாக்குகிறது.