பூனைக்கு இன்சுலின் மாற்றுகிறீர்களா? முதலில் ஊசி மூடியின் நிறத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டு முத்துவுக்கு 11 வயது, கருத்தடை செய்த கடுவன், ஐந்தரைக் கிலோ. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து என்.பி.எச். என்ற, நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலினைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 3 யூனிட். அது சரிப்படாமல் கிளார்ஜின் என்ற, நீண்ட நேரம் நிற்கும் இன்சுலினுக்கு மாறினோம். மாறுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை, ஆனால் இரண்டு மூன்று இடங்களில் கால் வழுக்கினால் பூனையின் உயிருக்கே ஆபத்து. அந்த இடங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எத்தனை யூனிட் என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் கால்நடை மருத்துவர்தான், அதில் விவாதமே வேண்டாம்.

முதலில், இன்சுலினை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒரு முழு நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காது ஓரத்தில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எண்களை நோட்டில் எழுதுங்கள். முத்துவுக்குக் காலை 6 மணிக்கு 380, பத்து மணிக்கு 95, இரண்டு மணிக்குள் மறுபடி 340. அதாவது மருந்து வேலை செய்கிறது, ஆனால் நாலு மணி நேரத்தில் தடாலென்று இறக்கிவிட்டு எட்டு மணி நேரத்துக்குள் கையைக் கழுவிக்கொள்கிறது. பூனையின் உடம்பு என்.பி.எச்.சை மனிதர்களைவிட வேகமாகத் தீர்த்துவிடும், இது அதன் குறையில்லை. இப்படிப்பட்ட பூனைக்கு யூனிட்டைக் கூட்டினால் பத்து மணி எண்தான் ஆபத்தான அளவுக்கு இறங்கும், மற்ற நேரம் அப்படியே இருக்கும். நீண்ட நேரம் நிற்கும் மருந்துக்கு மாறுவதுதான் வழி. இதுவே நாள் முழுக்க 350-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மருந்தின் மேல் பழி போடுவதற்கு முன்னால் பல்லில் சீழ், சிறுநீரில் கிருமி, ஏதாவது ஸ்டீராய்டு மருந்து, சரியாக ஏறாத ஊசி என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

வெளிநாடுகளில் நாய், பூனைகளுக்கென்றே புரோசிங்க், கேனின்சுலின் என்ற இன்சுலின்கள் இருக்கின்றன. நம் ஊரில் பெரும்பாலும் மனிதர்களுக்கான கிளார்ஜின்தான் (லான்டஸ், பேசலாக் என்ற பெயர்களில் வரும்) டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். தாத்தாவுக்கு வாங்கிய 30/70 மிக்ஸ்டார்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறதே, அதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அதில் வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்திருக்கிறது.

சரி, இப்போது மூடி விஷயம். இந்தியாவில் என்.பி.எச். குப்பிகள் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் யு-100, ஒரு மில்லியில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மில்லி. அதே ஒரு கோட்டளவுக்குக் கிளார்ஜினை இழுத்தால் உள்ளே போவது 1 யூனிட் அல்ல, இரண்டரை. 2 யூனிட் என்று நினைத்துப் போட்டால் 5. ஒரு பூனையைச் சாய்க்க அது போதும். தலைகீழாக, யு-40 மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் பாதிகூடப் போகாது. எனக்கு மருந்துக்கடையில் கிளார்ஜினோடு சிவப்பு மூடி பாக்கெட்டைத்தான் கட்டிக் கொடுத்தார்கள், "இன்சுலின் ஊசிதானே சார், எல்லாம் ஒண்ணுதான்" என்று. ஒண்ணு இல்லை. மருந்து மாறுகிற அன்றைக்கே பழைய சிரிஞ்சு அத்தனையையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுங்கள், மிச்சம் இருக்கிறதே என்று டிராயரில் வைத்தால் என்றைக்காவது அரைத்தூக்கத்தில் கை அதற்குத்தான் போகும்.

சிரிஞ்சு வாங்கும்போது 0.3 மில்லி அளவுள்ளதைக் கேளுங்கள், அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் விடாதீர்கள். ஒரு யூனிட் என்பது 0.01 மில்லிதான், ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலே அளவு தப்பிவிடும். கிளார்ஜினில் ஒரு மில்லியில் 300 யூனிட் உள்ள பேனா ஒன்றும் விற்கிறார்கள், அதிலிருந்து சிரிஞ்சால் இழுக்கவே கூடாது.

குப்பியைக் கையாளும் விதமும் மாறும். என்.பி.எச். பால் மாதிரி கலங்கலாக இருக்கும், உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கலக்குவோம். கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும். அதைக் குலுக்காதீர்கள், நீர்க்க வைக்காதீர்கள், இன்னொரு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் சேர்க்காதீர்கள். அது அமிலத்தன்மை உள்ள கரைசல், தோலுக்கடியில் போனதும் நுண்ணிய துகள்களாகப் படிந்து மெதுவாகக் கரைவதால்தான் நீண்ட நேரம் நிற்கிறது. தண்ணீர் சேர்த்தால் அந்தத் தந்திரமே கெட்டுவிடும்.

பழைய கணக்கை அப்படியே புதியதற்குக் கொண்டுபோகக் கூடாது. முத்து 3 யூனிட்டில் இருந்தான், டாக்டர் கிளார்ஜினை 1 யூனிட்டில் ஆரம்பித்தார். எனக்கு மனசே ஒப்பவில்லை, ஆனால் அவர் செய்ததுதான் சரி. பூனைகளுக்குப் பொதுவாக 1, மிஞ்சினால் 2 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றுதான் தொடங்குவார்கள். இடையில் மருந்தில்லாத இடைவெளி எதுவும் வேண்டாம், இரவு பழைய மருந்து என்றால் மறுநாள் காலை புதியது, அவ்வளவுதான். நாள்கணக்கில் இன்சுலின் இல்லாமல் விட்டால் உடம்பில் கீட்டோன் (கொழுப்பு கரையும்போது உண்டாகும் அமிலப் பொருள்) சேரும். சாப்பிடாமல் வாந்தி எடுத்து, வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் போல வாசம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், அந்த வாரம் வேறு எதையும் மாற்றாதீர்கள். நாங்கள் தயிர்சாதம் போட்டுப் பழக்கியவர்கள், முத்துவுக்கும் தினம் ஒரு கவளம் உண்டு. சோற்றை நிறுத்தியது நல்லதுதான், ஆனால் மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் மளமளவென்று குறையும். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் சர்க்கரை எதனால் இறங்கியது என்றே தெரியாது. முதலில் சாப்பாட்டை மாற்றி, அது நிலைத்த பிறகு மருந்தைத் தொடுங்கள்.

முதல் வாரம்தான் பொறுமைக்குச் சோதனை. நாலு நாள் 300-க்கு மேலேயே நின்றது. கை துறுதுறுத்தது, அரை யூனிட் கூட்டினால் என்ன என்று. கூட்டக் கூடாது, ஏனென்றால் கிளார்ஜினின் முழு வேலை தெரிய ஐந்து முதல் ஏழு நாள்வரை ஆகும். இன்று கூட்டியது, நாளை கூட்டியது எல்லாம் சேர்ந்து நாலாம் நாள் ஒன்றாக இறங்கினால் தாங்காது. ஆறாம் நாள் 210-ஐப் பார்த்தேன். அதன் பிறகு டாக்டர் சொல்லி 1.5 ஆனது, மூன்று வாரத்தில் நாளின் மிகக் குறைந்த எண் 110-இல் வந்து நின்றது. 80-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதனால் எந்த மீட்டரில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே தொடருங்கள்.

ஊசிக்கு முன் ஒவ்வொரு தடவையும் சர்க்கரை பாருங்கள். 200-க்குக் கீழே இருந்தாலோ, பூனை சாப்பிடவில்லை என்றாலோ போடாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள், முதல் மாதம் முழுக்க நான் அப்படித்தான் செய்தேன். ஊசி தோலில் ஏறியதா, ரோமத்தில் வழிந்ததா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். விரலால் தடவி மோந்து பாருங்கள், வழிந்திருந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். வழிந்தே இருந்தாலும் இன்னொரு ஊசி போடாதீர்கள், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேளை சர்க்கரை ஏறினால் ஒன்றும் ஆகிவிடாது.

60-க்குக் கீழே போனால், அல்லது பூனை தள்ளாடினால், தலை ஆடினால், வெறித்துப் பார்த்தால், உடனே சாப்பாடு. சாப்பிட முடியாத நிலை என்றால் கொஞ்சம் தேனை ஈறில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரல் வைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தேன் தடவியதும் எழுந்து நடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், நீண்ட நேரம் நிற்கும் மருந்து என்பதால் சர்க்கரை மறுபடி இறங்கும், பல மணி நேரம் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காதான் முத்துவுக்கு ஊசி போடுவார். அவருக்காக ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஆரஞ்சு மூடியை டேப் போட்டு ஒட்டி, கீழே "இந்த நிறம் மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.