முழங்கால் தண்ணீரில் தூண்டில்: திருகோணமலையில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

திருகோணமலை என்றதும் ஆழமான துறைமுகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதனாலோ என்னவோ, இங்கே தூண்டில் பழக வருகிறவர்களும் முடிந்தவரை தூரத்துக்கு எறியப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உப்புவெளிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தோள் நோக நோக எறிந்துகொண்டிருந்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மீன் நிண்ட இடத்தில நீ போய் நிக்கிறாய். பிறகெங்க பிடிக்கிறது?”

அடுத்த நாள் கால் நனையாமல் மணலில் நின்றபடி எறிந்தேன். முதல் கிளக்கன் மீன் கரையிலிருந்து எட்டடி தூரத்தில் கடித்தது.

எப்போது போவது

வாடை அடங்கிய பிறகு, கச்சான் பலமாக வீசத் தொடங்குவதற்கு முன், பங்குனியும் சித்திரையும். இந்த இரண்டு மாதமும் கடல் குளம்போலக் கிடக்கும். மாரியில் மகாவலி கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து கொட்டிய கலங்கலும் தெளிந்திருக்கும். ஆனால் வெயில் கொடுமை. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு மீன் ஆழம் பார்த்து இறங்கிவிடும். ஆகவே வெளிச்சம் வரும்போதே கரையில் நில்லுங்கள்.

விடியலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் முகத்துக்கு நேரே, உங்கள் நிழல் முதுகுக்குப் பின்னால் மணலில் விழும். பின்னேரம் அதே நிழல் நீண்டு தண்ணீருக்கு மேல் போய் விழும். தெளிந்த தண்ணீரில் அதைக் கண்டால் மீன் நிற்காது. பின்னேரம்தான் வசதி என்றால் குந்தியிருந்து எறியுங்கள்.

வற்றும் பெருக்கும் நம் கடலில் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதற்காகப் பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் தண்ணீர் ஏறும் வேளை கிடைத்தால் விடாதீர்கள். மீன் இரை தேடி மேட்டுக்கு வரும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் சற்றுக் கூட.

எங்கே

பழகுவதற்கு மணற்கரைதான் நல்லது. கல்லுக் கரையில் தூண்டில் முள் மாட்டி மாட்டி அறுந்தால் ஒரு மணித்தியாலத்தில் மனம் விட்டுப்போகும். கிண்ணியாப் பாலத்துக்குக் கீழே இழுப்பு அதிகம், அங்கே இப்போது வேண்டாம். கரைவலை இழுக்கிற இடத்தில் தூண்டில் போடாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே மீன் பிடிக்கக்கூடாது. துறைமுகப் பக்கம் கடற்படையின் வேலி தெரிந்தால் திரும்பிவிடுங்கள்.

சாமான்

தடியும் ரீலும் பிறகு வாங்கலாம். முதலில் கைத்தூண்டில். ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் போத்தலில் 0.35 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்) ஐம்பது மீற்றர் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் துளையுள்ள பத்துக் கிராம் ஈயம் ஒன்று, 6 அல்லது 8ஆம் இலக்க முள் நாலைந்து. இந்த அளவுகளில் இலக்கம் கூடக்கூட முள் சிறிதாகும், கடையில் குழம்பவேண்டாம்.

ஈயத்தை நூலில் கோர்த்துவிட்டு, நுனியிலிருந்து ஒரு முழம் மேலே சின்னத் தீக்குச்சித் துண்டு ஒன்றை முடிந்துவிடுங்கள். ஈயம் அதற்குக் கீழே இறங்காது. ஆனால் மீன் இரையை இழுக்கும்போது நூல் ஈயத்துக்குள்ளால் வழுக்கிப் போகும், பாரம் மீனுக்குத் தெரியாது.

முள்ளைக் கட்ட: நூலை முள்ளின் காதுக்குள் விட்டு, திரும்பவும் அதே நூலை ஐந்து தரம் சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் தெரியும், நுனியை அதற்குள் விடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த தங்கூசியை இழுத்தால் உரசலில் சூடேறிப் பலம் குறையும்.

இரையும் எறிதலும்

சின்ன இறால்தான் முதல் இரை. தலையைக் கிள்ளிவிட்டு, வால் பக்கத்திலிருந்து முள்ளை ஏற்றி நுனி மட்டும் வெளியே தெரியவிடுங்கள். முழு இறாலையும் போட்டால் மீன் கொறித்துத் தின்றுவிட்டுப் போகும். கிளக்கனின் வாய் சின்னது. ஓரா மீனுக்குப் பாண் உருண்டையும் பிடிக்கும்.

இப்போது அந்த ஐயாவின் பாடம். தண்ணீருக்கு வந்தவுடன் இறங்காதீர்கள். நாலு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) பின்னால் மணலில் நின்று, அலை உடைந்து திரும்புகிற இடத்துக்கு முதல் எறி. அங்கே அலை மணலைக் கிளறும், புழுவும் குஞ்சு நண்டும் வெளியே வரும், மீன் அதற்காகவே காத்திருக்கும். ஐந்து நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லையா, சரி, இன்னும் இரண்டு பாகம் தள்ளி எறியுங்கள். அப்படியே விசிறிபோல இடமும் வலமும். எல்லாம் பார்த்த பிறகுதான் காலை நனைப்பது, அதுவும் முழங்காலுக்கு மேல் போகவேண்டாம்.

இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடவுங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால்தான் குத்தும், கால் தட்டுப்பட்டால் தானாக விலகிப் போய்விடும்.

நூலை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். சுட்டுவிரலுக்கு மேலாக ஓடவிட்டு, பெருவிரலால் லேசாகப் பிடியுங்கள். டிக், டிக் என்று இரண்டு தட்டு வரும். அது ருசி பார்ப்பது, பொறுங்கள். பிறகு நூல் ஒரே சீராக நகரும். அப்போது கையை ஒரு சாண் பின்னால் சுண்டி இழுங்கள். கட்டா, பாரை என்றால் நூல் விரலை அறுக்கிற மாதிரி ஓடும். மல்லுக்கட்டாமல் விட்டு விட்டு இழுக்கவேண்டும்.

கையில் எடுக்கும்போது

ஓராவின் முள்ளிலும் கெளிற்றின் முள்ளிலும் விஷம் உண்டு. எனக்கு ஒரு தரம் ஓரா குத்தி, பின்னேரம்வரை கை விண் விண் என்று தெறித்தது. ஈரத் துணியால் தலையைப் பொத்திப் பிடித்து தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், தோல் வேகாத அளவு சூடான தண்ணீரில் அரை மணித்தியாலமாவது வைத்திருக்கவேண்டும். திருக்கை குத்தினாலும் முதலில் இதைச் செய்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிறு ஊதிப் பந்துபோல வருவது பேத்தை. நஞ்சு மீன், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூனைக்குக்கூடப் போடாமல் கடலில் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நூலையும் முள்ளையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். காய்ந்த பிறகு முள்ளின் நுனியை நகத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகத்தைக் கீறினால் நாளைக்கும் உதவும். வழுக்கினால் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுங்கள், இரவே.