பாதியில் நின்ற இன்ஸ்டாலேஷன்: கோளாறு இருந்தது ராமில்

பழைய லேப்டாப்பை முழுக்க அழித்துவிட்டுப் பென்டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போட உட்கார்ந்தேன். 37 சதவீதத்தில் நின்றது. கோப்பு பழுது என்று ஒரு பிழைச்செய்தி. மறுபடி போட்டேன், 62-இல் நின்றது. மூன்றாவது தடவை 11-இலேயே படுத்துவிட்டது.

பென்டிரைவைத்தான் முதலில் திட்டினேன். வேறொன்று மாற்றினேன். விண்டோஸ் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பையும் (கோப்பின் கைரேகை மாதிரி) அசலோடு ஒப்பிட்டேன், எழுத்துக்கு எழுத்து சரி. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையிலும் குறையில்லை.

அப்புறம்தான் உறைத்தது: கோப்பு கெட்டிருந்தால் ஏறக்குறைய ஒரே இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? ஒவ்வொரு தடவையும் வேறு இடம் என்றால் சந்தேகம் ராம் (தற்காலிக நினைவகம்) மீது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பில் பிழை வரிகள்.

இரண்டு 8 ஜிபி ராம்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்ததில் ஒன்று மட்டும் குற்றவாளி. பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறக் கால்களைத் தேய்த்தும் பார்த்தேன் (எல்லோரும் சொல்லும் வைத்தியம்!), மசியவில்லை. அடுத்த ஸ்லாட்டிலும் அதே கதை.

இத்தனை நாள் பழைய விண்டோஸ் எப்படி ஓடியது? எப்போதாவது ஒரு பிரவுசர் டேப் செத்துப்போகும், நானும் கண்டுகொள்ளவில்லை. இன்ஸ்டாலேஷன் அப்படி விடாது. சுருக்கிய பெரிய கோப்பை ராமில் விரித்துச் சரிபார்க்கும்போது ஒரு பிட் (ஒரே ஒரு 0 அல்லது 1) புரண்டாலும் போச்சு.

நல்ல ராமை மட்டும் வைத்துப் போட்டேன். முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது. இப்போதைக்கு 8 ஜிபியிலேயே ஓடுகிறது.