போனில் நூலகப் புத்தகம்: இரவல் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வெறும் கோப்புதானே, எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே!" இந்த நினைப்பில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன. நூலகப் புத்தகங்களை போனில் இரவல் தரும் லிப்பி போன்ற ஆப்களில் கிடைக்கும் மின்னூல், ஒலிப்புத்தகம் பெரும்பாலானவற்றுக்கு நூலகம் காசு கொடுத்து உரிமம் வாங்கியிருக்கும். ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். அதனால்தான் முன்பதிவும் வரிசையும்.

வரிசை நீளம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் முன்பதிவு செய்து வைப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரே வாரத்தில் நான்கு புத்தகங்கள் வந்து குவிந்தன. அதில் ஒன்று 15 மணி நேர ஒலிப்புத்தகம், கெடு 14 நாள். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் கேட்டும் கடைசி ஒரு மணி நேரம் மிச்சம். கொலைகாரன் யாரென்று தெரிவதற்குள் புத்தகம் தானாகத் திரும்பிப் போய்விட்டது! அபராதம் இல்லைதான், ஆனால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மற்ற மூன்றையும் திறக்கவே இல்லை.

லிப்பியில் முறை வந்ததும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பிறகு அனுப்பச் சொல்லி ஒத்திப்போடலாம், வரிசையில் உங்கள் இடம் போகாது. ஆனால் முடிவெடுக்க 3 நாள்தான். அறிவிப்புகளை அணைத்து வைத்திருப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கெடு நீட்டிப்பும் தானாக நடக்காது. கடைசி 3 நாளில் நாமே கேட்க வேண்டும், வேறு யாரும் காத்திருந்தால் அதுவும் கிடைக்காது.

படித்து முடித்ததைத் திருப்பாமல் வைத்திருப்பது இன்னொரு தவறு. கெடு வரை உங்களிடமே கிடந்தால் பின்னால் இருப்பவர் சும்மா காத்திருக்கிறார். அடையாளக் குறிகள் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், அதே புத்தகத்தை மறுபடி எடுத்தால் லிப்பியில் அவை அப்படியே இருக்கும். ஹூப்லா என்ற இன்னொரு நூலக ஆப்பில் கணக்கு வேறு. உடனடியாகக் கிடைக்கும் புத்தகங்களுக்கு மாத வரம்பு உண்டு, சீக்கிரம் திருப்பினாலும் எடுத்த கணக்கு குறையாது.

வெளியூர்ப் பயணமா? வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கே சுமார் 29 எம்பி ஆகும். அப்புறம், ஒலிப்புத்தகத்தை எடுக்கும் முன் மாதிரியை இரண்டு நிமிடம் கேளுங்கள். வாசிப்பவரின் குரல் பிடிக்காவிட்டால் எவ்வளவு நல்ல கதையும் ஓடாது. சுருக்கப் பதிப்பா, முழுப் பதிப்பா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.