பழைய கேமராவின் ஷட்டர் ஒட்டிக்கொண்டால்

ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து அமுக்கினால் 'கிர்ர்' என்று ஓட ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி, வெளிச்சத்தை மறைக்கிற மெல்லிய பிளேடு திறந்த வாக்கிலேயே நின்றுபோகிறது. பரணில் இருந்து இறக்கின கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும், "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாகிடும்ல?" ஆகாது. அந்த எண்ணெய் டப்பாவை முதலில் உள்ளே வையுங்கள்.

நான் இருப்பது செங்கோட்டை. மலை ஏறி இறங்கினால் ஆரியங்காவு, தென்மலை, அப்புறம் புனலூர். 1956 நவம்பருக்கு முன்னால் எங்கள் ஊரே கேரளப் பக்கம்தான் சேர்ந்திருந்தது. அதனால் கேமராவும் இரண்டு பக்கமிருந்தும் வரும். இந்தப் பக்கம் தாத்தாவின் ஸ்டுடியோவில் மிச்சமான ஆக்ஃபா மடிப்புக் கேமரா, அந்தப் பக்கம் கல்ஃபில் இருந்த மாமா கொண்டுவந்த யாஷிகா. ஜூனில் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் ஆடி முடியும்வரை கொடியில் போட்ட துணியே காயாது, பீரோவுக்குள் இருக்கிற கேமரா மட்டும் காயவா போகிறது?

இந்தக் கேமராக்களில் இருக்கும் லீஃப் ஷட்டர் என்பது, லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஃபிலிமில் வெளிச்சம் படுகிற நேரத்தை அளக்கும் ஒரு குட்டிக் கடிகாரம். சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. மூனிக்கில் ஃப்ரீட்ரிக் டெக்கல் கம்பெனி செய்த காம்பவுண்ட் ஷட்டரில் காற்று அடைத்த ஒரு சின்ன உருளைதான் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. 1912 வாக்கில் அந்த உருளையை எடுத்துவிட்டுப் பல்சக்கரங்களை வைத்தார்கள். காம்பவுண்டோடு, கடிகார இயந்திரத்துக்கான ஜெர்மன் சொல்லான 'ஊர்வெர்க்' சேர்ந்துதான் காம்பூர் என்ற பெயரே வந்தது என்பார்கள். பிரான்டர், கோப்பல், சைக்கோஷா என்ற மற்ற ஷட்டர்களும் ஏறக்குறைய அதே யோசனைதான்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஒரு ஸ்பிரிங் ஒரு வளையத்தைச் சுண்டிவிடும், வளையம் பிளேடுகளைத் திறந்து மூடும். வேகமான ஷட்டர் என்றால் வளையம் தடையில்லாமல் ஓடும். மெதுவாக வேண்டும் என்றால் ஒரு பல்சக்கரக் கூட்டம் குறுக்கே வந்து வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் மெதுவாக வேண்டும் என்றால் அந்தச் சக்கரங்களோடு ஒரு ஆடுகிற கொக்கியும் சேரும், நீங்கள் கேட்கிற 'கிர்ர்' அதுதான். இதைப் புரிந்துகொண்டால் கழற்றாமலேயே நோயைச் சொல்லிவிடலாம். 1/100, 1/250 சரியாக அடிக்கிறது, 1/10க்குக் கீழே மட்டும் இழுக்கிறது என்றால் பிளேடில் குற்றமில்லை, சக்கரக் கூட்டத்தில் பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது. எல்லா வேகத்திலும் சோம்பல், அல்லது பிளேடு பாதியில் நிற்கிறது என்றால் பிளேடில் எண்ணெய் ஏறியிருக்கிறது. காக் பண்ணினால், அதாவது அடிக்கும் முன் லிவரைத் தள்ளி ஸ்பிரிங்கை முறுக்கேற்றினால், லிவர் நிற்காமல் திரும்பி வருகிறதா, அது வேறு கதை. ஸ்பிரிங்கோ பிடிகொக்கியோ போயிருக்கும், நாம் தொட வேண்டாம்.

எண்ணெய் ஏன் கூடாது என்பதை நான் காசு கொடுத்துப் படித்தேன். கல்லூரி நாட்களில் ஒரு ஆக்ஃபா ஐசோலெட்டின் பிளேடில் அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்தேன். அன்றைக்கு அருமையாக அடித்தது. நாலாவது நாள் பிளேடுகள் ஈரத்தாள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிளேடு காகித கனம்கூட இருக்காது, இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் வந்தால் பிரிக்கிற பலம் அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்குக் கிடையாது. பிளேடு எலும்பு மாதிரி உலர்ந்து இருக்க வேண்டும். எண்ணெய் தேவைப்படுகிற இடம் சக்கரங்களின் அச்சு முனை மட்டும், அதுவும் வாட்ச் எண்ணெய், அதுவும் ஊசி முனையில் தெரிந்தும் தெரியாத அளவு.

சரி, சுத்தம் செய்வது எப்படி. மேசையில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள், திருகாணி விழுந்தால் உருளாது, கண்ணுக்கும் தெரியும். ஒவ்வொன்றைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம். கழற்றின வரிசையில் திருகாணிகளை முட்டை அட்டைக் குழிகளில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

முன் கண்ணாடியைப் பெரும்பாலும் அப்படியே திருகி எடுக்கலாம். கை வழுக்கினால் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் ஒன்றைக் கவிழ்த்து அழுத்தித் திருகுங்கள், கடைக் கருவி தேவையில்லை. ஆனால் முன் கண்ணாடியைச் சுற்றி ஃபோகஸ் செய்கிற மடிப்புக் கேமராவாக இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெகு தூரத்துக்கான முடிவிலிக் குறியில் (∞) வைத்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், மரை விடுபடுகிற இடத்திலும் இன்னொரு கோடு. திரும்ப மாட்டும்போது வேறு புரியில் ஏறிவிட்டால் ஒரு படம்கூடத் தெளிவாக வராது. பழைய ஆக்ஃபாவில் இந்த மரையில் போட்ட பச்சை கிரீஸ் கல்லாகியிருக்கும். இடுக்கி வைத்து முறுக்காதீர்கள், லைட்டர் பெட்ரோல் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

முடிந்தால் பின் கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கரைந்த அழுக்கு அதில் போய்ப் படியும். இப்போது பிளேடு மூடிய நிலையில், லைட்டர் பெட்ரோலில் நனைத்துப் பிழிந்த காது குச்சியால் பிளேடை மெல்லத் தடவுங்கள். அழுத்தாதீர்கள். பத்துத் தடவை ஷட்டரை அடியுங்கள். உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் பிளேடு ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையமாக வெளியே வரும். துடைத்து, மறுபடி தடவி, மறுபடி அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஷட்டர் ஜோராக ஓடும், அதை நம்பிக் கண்ணாடியை மாட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் காயவிட்டுப் பாருங்கள், பெட்ரோல் ஆவியானதும் திரும்ப ஒட்டினால் உள்ளே இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கு ஒரு யாஷிகாவுக்கு ஏழு சுற்று ஆனது. தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், பெயின்டை உரித்துவிடும். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது.

மெது வேகச் சக்கரங்கள்தான் சிக்கல் என்றால் முன் தட்டைத் திறக்க வேண்டிவரும். அங்கே நான் கையை எடுத்துவிட்டு எங்கள் பஜாரில் இருக்கும் வாட்ச் கடை அண்ணாச்சியிடம் போவேன். "அண்ணாச்சி, இது கேமரா" என்றால் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "கேமரா எங்கடே இருக்கு, டைம்பீஸ்ல்லா இருக்கு" என்பார். சக்கரக் கூட்டத்தை அப்படியே பெட்டியாகக் கழற்றி, பெட்ரோலில் அலசி, ஊதி உலர்த்தி மாட்டுவதற்கு அவருக்கு அரை மணி நேரம். கேமரா பழக்கம் இல்லாவிட்டாலும் கை பழக்கம் இருக்கிறது.

வேகத்தைச் சோதிக்கப் போன் போதும். பின் மூடியைத் திறந்து, கேமராவைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்து, நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் பின்னாலிருந்து எடுங்கள். வெளிச்சம் தெரிகிற பிரேம்களை எண்ண வேண்டியதுதான். 1 நொடிக்கு 240, 1/30க்கு 8, 1/60க்கு 4. அதற்கு மேல் இந்த முறை செல்லாது. எல்.இ.டி. பல்பை நோக்கி எடுக்காதீர்கள், அது சிமிட்டி எண்ணிக்கையைக் குழப்பும். ஒவ்வொரு வேகத்துக்கும் ஐந்து முறையாவது எடுங்கள். 240க்குப் பதில் ஐந்து முறையும் 340 வந்தால் எனக்குக் கவலையில்லை, அது அரை ஸ்டாப் கூடுதல் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப்), நெகட்டிவ் ஃபிலிம் தாங்கும். ஒரு முறை 250, அடுத்த முறை 400 என்று தாவினால் மறுபடி சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

அப்புறம் சில பழக்கங்கள். வேகத்தை வைத்துவிட்டுப் பிறகு காக் பண்ணுங்கள். பழைய காம்பூர்-ராப்பிடில் 1/500க்கென்று தனியாக ஒரு ஸ்பிரிங் சேர்கிறது, காக் பண்ணின பிறகு அந்த எண்ணுக்குத் திருப்பினால் எதையாவது உடைப்பீர்கள். 'வி' என்று போட்டிருக்கும் செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம், அறுபது வருட கிரீஸில் அது நடுவழியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷ் போட்டால் ஃபிளாஷுக்கென்று இருக்கும் லிவர் 'எக்ஸ்' பக்கம் இருக்க வேண்டும், 'எம்' அந்தக் காலத்து ஃபிளாஷ் பல்புக்கு.

எடுத்து வைக்கும்போது காக் பண்ணாமல் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், கிரீஸ் இளகிப் பிளேடுக்கு நடந்து வரும். தோல் உறை பார்க்க அழகுதான், சாரல் மாதத்தில் அது பூஞ்சைக்கு வீடு. உறையைத் தனியாக வெளியே வையுங்கள், கேமராவை இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து, வேகமானதில் தொடங்கி மெதுவானதுவரை ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை அடித்துவிட்டு உள்ளே வையுங்கள். நான் அமாவாசை தோறும் செய்கிறேன், அன்றைக்கு அண்ணாச்சி கடை மூடியிருக்கும் என்பதால் ஒழுங்காகக் கையை வைத்துக்கொண்டு இருப்பேன்.