மாற்றுப்பணி ஆணை கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

கூடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறீர்கள். மே மாத மலர்க்காட்சி முடியும்வரை ஊட்டி அலுவலகத்தில் வேலை பார்க்கச் சொல்லி ஆணை வருகிறது. பெட்டி கட்டும் முன் அந்தச் செயல்முறை ஆணையை வரி விடாமல் படியுங்கள்.

படி 1: எந்த வகை?

மாற்றுப்பணி என்றால் பணியிடமும் ஊதியமும் பழைய அலுவலகத்தில், வேலை மட்டும் வேறிடத்தில். கூடுதல் பொறுப்பு என்றால் சொந்த இருக்கையும் உங்கள் தலையில்தான். அதற்கான படித்தொகை அடிப்படை விதி 49-இன் கீழ் வரும். ஊதியம் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வராமல் வேறு நிதியிலிருந்து வந்தால் அது அயற்பணி. வனத்துறையிலிருந்து குன்னூரிலுள்ள தேயிலைத் தோட்டக் கழகத்துக்குப் (டான்டீ) போவது இப்படித்தான். ஓய்வூதியப் பங்களிப்பையும் விடுப்பு ஊதியப் பங்களிப்பையும் யார் செலுத்துவது என்று நிபந்தனைகளில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். விட்டால் ஓய்வு பெறும் வேளையில் கோப்பு திரும்பி வரும்.

படி 2: முடிவுத் தேதியும் தலைமையிடமும்

"மறு உத்தரவு வரும் வரை" என்று இருந்தால் தேதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். அந்தச் சொற்களை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். மாற்றுப்பணிக் காலத்துக்கு உங்கள் தலைமையிடம் ஊட்டி என்று ஆணை சொன்னால் அங்கே தங்குவதற்குத் தினப்படி கிடையாது. ஊட்டியிலிருந்து லவ்டேல் போய் வந்தாலும் கிடையாது, 8 கி.மீ.க்குள் வந்துவிடும்.

படி 3: விடுவிப்பு

இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். வாய்மொழியாக "போய்ச் சேருங்க" என்று சொன்னால் கிளம்பாதீர்கள். தன்பதிவேட்டையும் (உங்கள் இருக்கைக்கு வந்த தாள்களைப் பதியும் ஏடு) நிலுவைக் கோப்புகளையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, கையொப்பம் வாங்குங்கள். விடுவிப்பு ஆணையில் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்:

"மேற்கண்ட பணியாளர் இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்."

மு.ப.வா (முற்பகல்) பி.ப.வா (பிற்பகல்) என்பது முக்கியம். வெள்ளி பி.ப. விடுவித்து, செவ்வாய் மு.ப. சேர்ந்தால் திங்கள் அந்தரத்தில் நிற்கும். அதற்கு விடுப்பு எழுதச் சொல்வார்கள். மாற்றுப்பணிக்குப் பணியேற்பிடைக் காலத்தை (இடம் மாறிப் போய்ச் சேரத் தரும் நாட்கள்) நம்பியிருக்க வேண்டாம். கூடலூர்–ஊட்டி சுமார் 50 கி.மீ.தான், ஆனால் மழைக்காலத்தில் சாலையில் மண் சரிந்தால் அன்றைக்குப் போய்ச் சேர முடியாது. அன்றே இரு அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, பணியேற்பு அறிக்கையில் காரணத்தையும் எழுதுங்கள்.

படி 4: மாதாமாதம்

புது அலுவலகத்தின் வருகைச் சான்று உரிய நேரத்தில் பழைய அலுவலகத்துக்குப் போக வேண்டும். களஞ்சியம் என்ற அரசு மென்பொருளில் ஊதியப் பட்டியல் போடுவது அவர்கள்தான். சான்று தாமதமானால் சம்பளம் நின்றுவிடும். தற்செயல் விடுப்பை வேலை பார்க்கும் இடத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு 12 நாள் என்ற கணக்கு மாறாது, அதனால் ஏற்கெனவே எடுத்த நாட்களை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஈட்டிய விடுப்பென்றால் விண்ணப்பம் தாய் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வருபவர்களுக்கு மலைப்படி தானாக வராது. பட்டியல் கீழே போடப்படுகிறதே! தகுதி உண்டா என்று முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள்.

படி 5: திரும்புதல்

காலம் முடிந்ததும் நீங்களாக வந்து பழைய இருக்கையில் உட்காராதீர்கள். அங்கும் விடுவிப்பு ஆணை, இங்கும் பணியேற்பு அறிக்கை. இரண்டும் பணிப்பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பயணப்படிப் பட்டியலை வையுங்கள்.