கொழும்பில் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போன் வழியாக அழைப்பது எப்படி

வெள்ளவத்தையில் நான்கு பேர் தங்கும் போர்டிங் அறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒருவர் குளிக்கப் போயிருக்கிறார், போன் சார்ஜில் கிடக்கிறது. அவருக்கு வரும் குறுஞ்செய்தியின் முதல் வரியை மற்ற மூவரும் வாசித்துவிடுவார்கள். தாயும் மகனும் ஒரே போனைப் பாவிக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே பரிசோதனைக்கு மக்களை அழைக்கும் நீங்கள், எந்தச் செய்தியையும் முதலில் உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். திரையைப் பூட்டி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்து வாசியுங்கள். “எச்.ஐ.வி.”, “பாலியல் நோய்”, கிளினிக்கின் பெயர் ஆகிய மூன்றில் எதுவும் நினைவூட்டலில் வரவே கூடாது.

ஒரு நல்ல நினைவூட்டல் இப்படி இருக்கலாம்: “வணக்கம். நாளை காலை 9க்கு உங்கள் நேரம். வர முடியாவிட்டால் 2 அனுப்பவும்.” இது சரியாக 70 குறிகள். ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 குறி இடம் உண்டு. அதில் ஒரேயொரு தமிழ் எழுத்தோ இமோஜியோ சேர்ந்தாலே எல்லை 70 ஆகச் சுருங்கும். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். “பரிசோதனை” நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் எட்டு. 71ஆவது குறி வந்ததும் செய்தி இரண்டாக உடைந்து (அப்போது ஒரு துண்டுக்கு 67 குறிதான்) செலவு இரட்டிப்பாகும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. அனுப்புபவர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக நிறுவனப் பெயரைப் போடுகிறார்கள். அப்படி அனுப்பினால் “2” என்ற பதில் திரும்பி வராது, பெயரும் காட்டிக் கொடுத்துவிடும். சாதாரண எண்ணிலிருந்தே அனுப்புங்கள்.

துண்டுப்பிரசுர வாசகத்தை இணையத்தில் ஏற்றுமுன் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டதா என்று பாருங்கள். பாமினி எழுத்துகளை அப்படியே ஒட்டினால் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியபின் ‘ஸ்ரீ’, ‘ஔ’, ‘ொ’ வரும் சொற்களைக் கண்ணால் சரிபாருங்கள்.

துண்டுப்பிரசுரத்திலும் விளம்பரத்திலும் சொற்களில் கவனம் வேண்டும். “உயிர்க்கொல்லி நோய்” என்ற பழைய வழக்கை விட்டுவிடுங்கள். சிகிச்சை இலவசம், மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. இதைச் சொன்னாலே பாதிப் பயம் போகும். “எயிட்ஸ் பரிசோதனை” என்று ஒன்று கிடையாது, “எச்.ஐ.வி. பரிசோதனை” என்றே எழுதுங்கள். “பொசிட்டிவ்” என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. “தொற்று இல்லை”, “இன்னொரு பரிசோதனை தேவை” என்று நேராகச் சொல்லுங்கள்.

எல்லா இணைப்பும் ஓர் இடத்தில் முடிய வேண்டும்: எங்கே போவது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய கிளினிக்கில் பரிசோதனை இலவசம். அந்த நிகழ்ச்சித்திட்டத்தின் ‘நோ ஃபோ ஷுவர்’ (Know4Sure) இணையதளத்தில் முன்பதிவும் செய்யலாம். உங்கள் தானியங்கிப் பதில் போயா நாளில் நேரம் ஒதுக்காதபடி ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுமுறைகளை ஏற்றிவிடுங்கள். துணிந்து வந்த ஒருவர் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அவரை இன்னொரு முறை வரவைப்பது மிகக் கடினம்.

வட்ஸ்அப்பில் குழு தொடங்கவே வேண்டாம். எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இருக்கும் நாட்டில் அந்தப் பட்டியல் ஒருவரின் வேலையையும் வீட்டையும் பறிக்கலாம். அதற்குப் பதிலாக ஒலிபரப்புப் பட்டியலை (broadcast list) பாவியுங்கள், அதில் பெறுவோர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். “பிடித்த பெயரில் சேமியுங்கள்” என்று முதல் உரையாடலிலேயே சொல்லுங்கள். மறையும் செய்தி வசதியை 24 மணிக்கு வையுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவோரே அதிகம், ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுதுவார்கள். தானியங்கிப் பதில் அவ்வளவையும் அறிந்திருக்க வேண்டும்.

இரவில் தானாகப் போகும் பதிலின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: “சம்பவம் நடந்து 72 மணி ஆகவில்லையா? காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரைப் பாருங்கள்.” தொற்று ஏற்பட வாய்ப்புள்ள சம்பவத்துக்குப் பின் எடுக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை அந்த நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். காலை 9 மணிவரை பதிலுக்குக் காத்திருந்தவர் அந்த வாய்ப்பை இழக்கக்கூடும்.

வாய்த் திரவச் சுயபரிசோதனைக் கருவியை அனுப்புவதானால், செய்முறையை ஒலியில்லாமலே புரியும் குறும்படமாக எடுங்கள். பார்ப்பவர் பெரும்பாலும் சத்தத்தை அணைத்தே பார்ப்பார். பரிசோதனைக்கு 15 நிமிடம் முன்பிருந்து உண்ணவோ குடிக்கவோ கூடாது, பல் துலக்கி 30 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். மேல் ஈறில் ஒருமுறை, கீழ் ஈறில் ஒருமுறை தடவி, குச்சியைத் திரவக் குழாயில் வைக்க வேண்டும். 20 நிமிடத்துக்குப் பிறகு, 40 நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு (C எழுத்தருகே வரும் கோடு) தெரியாவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது. இரண்டு கோடு என்றால் கிளினிக்கில் உறுதிசெய்ய வேண்டும், அது முடிவல்ல. ஒரே கோடு வந்தாலும் கடைசி மூன்று மாதத்துக்குள் ஏற்பட்ட தொற்றை இது காட்டாமல் போகலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலர் படத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பேஸ்புக் விளம்பரத்தில் “நீங்கள் இப்படிப்பட்டவரா?” என்று கேட்டால் நிராகரிக்கப்படும், பார்ப்பவரின் உடல்நிலையையோ பாலியல் நாட்டத்தையோ சுட்டுவதற்கு அங்கே அனுமதியில்லை. சேவையைப் பற்றி மட்டும் பேசுங்கள்: இலவசம், இரகசியம், இந்த இடம். டேட்டிங் ஆப்களில் அழைப்பதானால் விளம்பரக் கணக்கு என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதுங்கள். போலிப் படத்துடன் நெருங்குவது நம்பிக்கையை அழித்துவிடும்.

தரவில் சிக்கனம் வேண்டும். 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் எச்.ஐ.வி. தொற்று உறுதிசெய்யப்பட்ட 14,200 பேரின் பெயர், தொலைபேசி, முகவரி இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. சேர்க்காத தகவல் கசியாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண் வேண்டாம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு குறியீடு கொடுங்கள்: விளம்பரத்துக்கு “அ1”, சுவரொட்டியின் கியூஆர் குறிக்கு “ஆ1”. முன்பதிவு செய்பவர் அதைச் சொன்னால் போதும்.

கிழமைதோறும் நான்கு எண்களை எழுதுங்கள்: கேட்டவர், பதிந்தவர், வந்தவர், முடிவைப் பெற்றவர். லைக் எண்ணிக்கைக்கு அந்த ஏட்டில் இடமில்லை. பதிந்தவரில் பாதி வராவிட்டால் கிளினிக் நேரத்தையும் வழிகாட்டும் வரைபடத்தையும் பாருங்கள். வந்தவர் முடிவு பெறாமல் போனால், முடிவைச் சொல்லும் நாளையும் முறையையும் முதல் நாளே சொல்லிவிட்டீர்களா என்று பாருங்கள். அறிக்கையில் ஒரு பகுதிக்கு 5 பேருக்குக் குறைவாக வந்தால் பகுதிப் பெயரை நீக்கிவிடுங்கள். சிறிய தெருவில் “ஒருவர்” என்று எழுதினாலே அவர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.